சேவல்காரர் வெள்ளியும் சாய்த்துப் பிடித்த கரண்டியும்

செஞ்சி கடைத்தெரு சிங்காரவேலு பத்தருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அந்தத் தேசத்து வெள்ளி வேலைக்காரர்களைப் பங்காளிகளைப் போல அறிவார். பாண்டிச்சேரி வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு, அவர்கள் வீட்டுக் கரண்டிகள் பஸ் ஏறிப் பத்தர் கடைக்கு வந்தன. காம்பின் பின்னால் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒரு முத்திரை. அதற்குள் இரண்டு எழுத்து, ஒரு குட்டிப் படம். படத்தை வைத்தே, செய்தவருக்குப் பத்தர் பெயர் சூட்டிவிட்டார்.

"சேவல்காரரு கை சுத்தம். சாவிக்காரரு கருமி, காம்பை இளைக்க வச்சிடுவாரு" என்பார், நேற்று சந்தையில் பார்த்துப் பேசியவர் போல. சதுர முத்திரை வந்தால் மட்டும் முகம் சுளிப்பார். அது வெறும் முலாம். இந்தப் பாடம் கடைத்தெருவுக்கே மனப்பாடம்.

அறுபத்து நாலாம் வருஷம் ஒருநாள், பாத்திரக்கடை ரத்தினம்மாள் கரண்டியோடு வந்தாள். விடிந்தால் மேல்மலையனூர் அமாவாசை. புருஷனுக்குப் பார்வை தெளிந்ததற்கு, அங்காளம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சார்த்துவதாக வேண்டுதல்.

"உருக்கி அடிச்சுக் குடுங்க பத்தரே. டைமன்தான், பாத்துக்குங்க."

கரண்டியைக் கையிலிருந்து விடாமல், கோணலாகவே பிடித்துக் காட்டினாள். பத்தர் குனிந்து பார்த்தார். டைமன்தான். ஆனால் உள்ளே இருந்த எழுத்துகள் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்களைப் போலச் சாய்ந்து நின்றன. அடி ஆத்தே, சதுரத்தையல்லவா சாய்த்துப் பிடித்திருக்கிறாள்!

சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. முலாமை வெள்ளியென்று அடித்துக் கொடுத்தால், அம்மன் முதலில் கேட்பது அடித்த கையைத்தானே?

"இன்னாம்மா, கை சுளுக்கிக்கிச்சா?"

"வயசாவுதில்ல!"

"சரி, உருக்கிடறேன். நெருப்புல வெள்ளப்பூச்சு போயி உள்ள இருக்கற பித்தளை எட்டிப் பாக்கும். அதையே சார்த்து. ஆத்தா மஞ்சக்காமாலைக் கண்ணோட உன் வூட்டுக்காரரைப் பாத்துக்குவா."

ரத்தினம்மாள் கோணலை மறந்து கும்பிடக் கையெடுத்தாள். கரண்டி தானாக நிமிர்ந்தது. பளிச்சென்று சதுரம்.

"வாயைக் கழுவுங்க பத்தரே!" என்று மடியிலிருந்து இன்னொரு கரண்டியை எடுத்து வைத்தாள். அசல் டைமன். உள்ளே சேவல்.

"ரெண்டையும் எடுத்துக்கினுதான் வந்தியா?"

"நீங்க கண்டுபுடிக்கலேன்னா இது மிச்சமாச்சேன்னு..."

பத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சேவல்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு, உலையை ஊதினார். பொழுது சாய்வதற்குள் கண்மலர் தயார்.

"இன்னா பத்தரே, ஆத்தா கண்ணு இம்மாம் பெருசா முழிக்குது?"

"நாளைக்கு நீ எதிர்ல வந்து நிப்பியே, அதுக்குத்தான்."