தவக்காலத்தில் ஏறிய சர்க்கரை

என் கணவருக்குச் சர்க்கரை நோய். போன தவக்காலத்துக்கு முன், "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது. அதனால் இருவரும் மாதா முன் மண்டியிட்டு, நாற்பது நாளும் இனிப்பைத் தொடுவதில்லை, ராத்திரியில் சோறு கிடையாது என்று நேர்ந்துகொண்டோம். தினமும் ராத்திரி கேழ்வரகு அடையும் கீரையும்தான்.

ஈஸ்டர் முடிந்து பரிசோதித்தபோது எனக்குக் குறைந்திருந்தது. அவருக்கோ முன்னைவிட ஏறியிருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானேம்மா? இவருக்கு மட்டும் எப்படி?" என்றார் டாக்டர். என் சமையலில்தான் குறையோ என்று நான் கலங்கிப்போனேன். என் கணவர் தலை நிமிரவே இல்லை.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "காலைப் பூசை முடிஞ்சதும் பேக்கரியில தினம் ஒரு கிரீம் பன் சாப்ட்டேன் மேரி. ஆனா வாராவாரம் பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஃபாதருக்கா சர்க்கரை ஏறுது? கூடவே அடை தின்ன எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?" என்று கத்திவிட்டேன்.

அந்த நாற்பது நாளும் அவருக்காகத்தான் ஜெபமாலை சொன்னேன். ஆண்டவர் மன்னித்திருப்பார், எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது அவருக்குத் தினமும் ஊசி. நான் அடையையும் கீரையையும் விடவில்லை. எனக்கு இன்றுவரை சர்க்கரை ஏறவில்லை. காலைப் பூசைக்கு நானும் அவருடனேயே போய்த் திரும்புகிறேன். பேக்கரி வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைக்கிறார்கள்.