கல்லில் இல்லாத கருப்பையா

ஆறுமுகம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நவம்பர் ஞாயிறுக்கு ஒன்பதே நாள் இருந்தது. அதுவரை பொறுத்திருக்க ஏலாதா அந்த மனிசனுக்கு?

வெள்ளைக்காரன் நாட்டில் நாங்கள் குடியிருக்கும் மனோர் பார்க்கில் அவரை அறியாதவர்கள் குறைவு. மலேசியாவில் பிறந்தவர், இங்கே பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். என் சொதியில் உப்புக் காணாது என்று கோயில் அன்னதானத்தில் இருபது பேருக்கு முன்னால் சொன்னவரும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

அவருடைய அப்பா கருப்பையா வெள்ளைக்காரனின் படையில் சிப்பாய். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தபோது காணாமல் போனவர். செத்த நாள் தெரியாது. எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் திவசம் செய்யலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார்.

"அமாவாசை எல்லாருக்கும் பொதுங்க சாமி. எங்கப்பா சிப்பாய்."

முதலாவது பெரிய யுத்தம் நவம்பர் பதினோராம் திகதி பதினொரு மணிக்கு நின்றதாம். அதனால்தான் அதையொட்டி வரும் ஞாயிறு, சண்டைகளில் செத்த சிப்பாய்களை இந்த நாட்டில் நினைக்கிறார்கள். அண்ணை அந்த நாளையே தகப்பனுக்குத் திவசமாக்கிக்கொண்டார். அது வேறு யுத்தமல்லவா என்று கேட்டேன். சண்டை நின்ற நாள் என்று ஒன்று இருக்கிறதே, அது போதும் என்றார்.

வருசாவருசம் பட்டினி கிடந்து, அன்றைக்கு எல்லாரும் குத்தும் சிவப்புக் கடுதாசிப் பூவைக் கோட்டில் குத்தி, முழங்கால் வலிக்காரி என்னையும் இழுத்துக்கொண்டு நினைவுக் கல்லடிக்குப் போவார். எல்லாரும் இரண்டு நிமிடம் வாய்மூடி நிற்கும்போதுதான், திவசத்தில் கூப்பிடுவதுபோல, கருப்பையா என்று மூன்று தரம் சொல்லுவார். சனம் திரும்பிப் பார்க்கும். ஒருமுறை கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் தங்கச்சி இழுக்கிற? இப்பத்தான் சத்தம் இல்ல. அவருக்குக் கேக்கும். உன் தம்பி பேரையும் சொல்லேன்."

எங்கள் நாட்டு யுத்தத்தில் செத்துப்போன என் தம்பிக்கும் நாள் தெரியாது.

"அவன் இவையளுக்காகச் சாகேல்லை. நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ."

திரும்பிவந்த பஸ்ஸில் அவரை விட்டு வேறு சீட்டில் போய் இருந்தேன். அடுத்த வருசமும் கேட்டார். அதற்கடுத்த வருசமும்.

இந்த ஞாயிறு அவருடைய மகளைக் கூப்பிட்டேன். சனத்துக்கு முன்னால் வெட்கம், வரமாட்டேன் என்றுவிட்டாள். மழைக்குள் தனியே போனேன். எல்லாரும் வாய்மூடியதும் கருப்பையா என்று மூன்று தரம் சொன்னேன். முன்னால் நின்ற கிழவன் முறைத்தான், நானும் முறைத்தேன். தம்பியின் பெயர் தொண்டைவரை வந்தது. சொன்னால் அண்ணை வென்றுவிடுவார் என்று விழுங்கிவிட்டேன்.

அண்ணை எனக்கு விட்டுப்போனது அவருடைய அப்பாவை. நான் முகம்கூடக் காணாத சிப்பாய். கால் நடக்கும்வரை இனி நான்தான் அவரைக் கூப்பிட வேண்டும்.