தோளில் இருந்த கை

துபாய் சலூனில் முடி வெட்டும் என் நண்பன் ஸ்ரீவில்லிபுத்தூர் கணேசனை உலகப் புகழ் ஸ்டைலிஸ்ட் போலப் பேட்டி எடுத்து இன்ஸ்டாவில் போட்டால் காலேஜே சிரிக்கும் என்று நினைத்தேன். ராஜபாளையத்திலிருந்து வீடியோ காலில் நான்தான் நிருபர்.

“அடுத்த லட்சியம் என்ன சார்?”

“துபாய் பூரா நம்ம கத்திரிதான் சார்.”

பக்கத்தில் நின்ற, தமிழ் தெரியாத சலூன் முதலாளி அவன் தோளில் கைபோட்டுச் சிரித்தார்.

“போதும்ல, வைக்கேன்,” என்றேன்.

கணேசன் சிரிப்பு மாறாமல் சொன்னான்: “ஏலே, வச்சிராத. ஊருக்கு வாரேன்னு சொன்னதுக்கு நேத்து அடிச்சான். நீ படம் எடுக்கது வரைக்குந்தான் இவன் சிரிப்பான்.”

தோளைப் பார்த்தேன். விரல்கள் சட்டையோடு சதையை இறுக்கியிருந்தன.

“அடுத்த கேள்வி சார்,” என்றேன். கஸ்டமர் ஒருவர் உள்ளே வந்து, முதலாளி கையை எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பதிவை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பிய பிறகு கணேசன் ஊர் திரும்பிவிட்டான். இப்போதெல்லாம் யார் சிரிக்கிற படம் வந்தாலும், பக்கத்தில் நிற்பவரின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன்.