ஆயிரம் ஓம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற மணிவேலுக்கு நிஜமாகவே நடந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. மோட்டார் தயாராகவில்லை என்றால் 'ஆகலீங்க' என்று முகத்துக்கு நேரே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிற ஆள். நம்பாதவர்கள் ஜெயங்கொண்டம் போகும்போது அவனையே கேட்டுப் பார்க்கலாம். ஒரு தடவைதான் சொல்வான். மறுபடி கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

2003, ஐப்பசி மாதம். ஆண்டிமடம் ரோட்டில் முந்திரிக் காட்டை ஒட்டி அவன் வீடு. மழை விட்ட ஒரு காலையில் அவன் மனைவி பூங்காவனம் கொடிக்கம்பியில் துணி காயப்போட்டாள். கம்பியில் கரண்ட் இறங்கியிருந்தது. அப்படியே ஒட்டிக்கொண்டாள். மகள் பிரவீணா, நாலு வயசு, அம்மாவிடம் ஓடியபோது பக்கத்து வீட்டு உண்ணாமலைதான் பாய்ந்து இழுத்துப் பிடித்தாள். "வாய் மட்டும் அசைஞ்சுது மணி. என்ன சொன்னாளோ தெரியல" என்றாள் உண்ணாமலை.

மணிவேல் அப்போது கடையில் இருந்தான். ஊருக்கெல்லாம் கரண்ட் வேலை பார்ப்பவன் வீட்டில் இப்படி ஆகிவிட்டது. அவனுக்கு அழுகை வரவில்லை. கொள்ளி வைத்தபோதும் வரவில்லை. உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது. கருமாதி வரை திருமானூரில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, கடையைத் திறக்க வேண்டுமே என்று மகளோடு பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. தூறல். பிரவீணா தோளிலேயே தூங்கிவிட்டாள். சுவிட்சைத் தட்டினான். குண்டு பல்பு எரிந்தது. பிள்ளையை உள் அறையில் பாயில் படுக்க வைத்தான்.

கொடிக்கம்பியை யாரோ அன்றைக்கே அறுத்து எறிந்திருந்தார்கள். ஆனாலும் அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பெண்டாட்டியைக் கொன்ற லைன். கசிவு இன்னும் எங்காவது இருந்தால்? காலையில் பிள்ளை சுவரைத் தொட்டால்? இருப்பது அவள் ஒருத்திதான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டான். பல்பை அணைத்தான். மிக்சி, ஃபேன், டிவி... எல்லா பிளக்கையும் பிடுங்கினான். இனி இந்த வீட்டில் கரண்ட் இழுக்க எதுவுமே இல்லை.

முன் அறைச் சுவரில் மீட்டரைப் பார்த்தான்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக.

டிக்... டிக்... என்று சின்னச் சத்தம்.

கிளாம்ப் மீட்டரை எடுத்தான். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறந்து ஒயரைக் கவ்வும் கருவி. கவ்வ விட்டான். 0.23 ஆம்பியர். வோல்ட்டையும் பார்த்தான். 230.

அவன் மண்டை தானாகக் கணக்குப் போட்டது. பெரம்பலூரில் எலக்ட்ரீசியன் படித்த காலத்துப் பழக்கம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் பவர். கிட்டத்தட்ட ஐம்பத்து மூன்று வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் எதிர்ப்பு, அதாவது மின்தடை, ஓம் கணக்கில். கச்சிதமாக ஆயிரம் ஓம்.

ஆயிரம் ஓம்...

அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். வாத்தியார் வைத்திலிங்கம் முதல் நாளே போர்டில் பெரிதாக எழுதிப் போட்டது. ஈரமான மனுச உடம்போட எதிர்ப்பு, சுமாரா ஆயிரம் ஓம். மறந்துராதீங்கடா.

இந்த லைனில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

உடனே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். இனி கரண்ட் வர வழியே கிடையாது.

டிக்... டிக்...

சக்கரம் நிற்கவில்லை. வேகம் மட்டும் குறைந்திருந்தது. கிளாம்ப் மீட்டரில் டார்ச்சை அடித்தான்.

0.11.

கணக்கு தானாக ஓடியது. இரண்டாயிரம் ஓம், கொஞ்சம் கூட.

ஆம்பியர் பாதியாகக் குறைந்தால் எதிர்ப்பு இரட்டிப்பாகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு உடம்போடு இன்னொரு உடம்பு வரிசையாகச் சேர்ந்தால் இப்படித்தான் கூடும். ஒருவர் கையை ஒருவர் பிடித்தால்.

இப்போது இரண்டு பேர்.

ஓடினான்.

உள் அறை இருட்டு. ஈரத்துணி வாசனை. பாயில் பிரவீணா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மேலே நீண்டிருந்தது. விரல்கள் மடங்கி... எதையோ இறுகப் பிடித்திருந்தன.

அங்கே யாரும் இல்லை.

கரண்டில் மாட்டியவரை வெறுங்கையால் தொடக் கூடாது. காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும். ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் அவன்.

பிள்ளையின் கையை வெறுங்கையால் பிடித்தான்.

அதிர்ச்சி இல்லை. தோள் வரை ஜில்லென்று மரத்தது. அவ்வளவுதான்.

"பூங்காவனம்... புள்ளைய வுடு."

பிள்ளையின் கையைத் தன் பக்கம் இழுத்தான்.

"வுட்டுரு பூங்காவனம். எனக்கு வேற யாரு இருக்கா."

பிரவீணாதான் பேசினாள். தூக்கக் கலக்கம்கூட இல்லாத குரல்.

"அம்மா புடிக்கலப்பா. நாந்தான் புடிச்சிருக்கேன். அம்மா கிட்ட வராத, கிட்ட வராதன்னுதான் சொல்லுது. அன்னிக்கும் அதான் சொன்னுச்சு."

மணிவேல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டான்.

முன் அறையில் டிக் சத்தம் நின்றது.

விடிய விடிய மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அப்போதும் அழுகை வரவில்லை.

காலையில் லைன்மேன் ராசாங்கம் ஏணியோடு வந்து நின்றார். "நேத்தே வந்துட்டீங்களா? சொல்லியிருந்தா சாயங்காலமே கரண்ட் குடுத்திருப்பேனே. இருட்டுல கெடந்தீங்களா ராத்திரி?"

"லைட்டு எரிஞ்சுதுங்களே" என்றான் மணிவேல்.

ராசாங்கம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்திருப்பார். கம்பத்தைக் காட்டினார். வீட்டுக்கு வரும் இரண்டு ஒயரும் கம்பத்து உச்சியிலேயே வெட்டப்பட்டு, முனைகள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன.

"பூங்காவனம் செத்த அன்னிக்கே வெட்டிட்டேன். அதுக்கப்புறம் உங்க வூட்டுக்கு ஒரு பொட்டு கரண்ட் வரல."

வோல்ட்டே இல்லையென்றால் எந்தக் கணக்கைப் போட்டாலும் ஆம்பியர் பூஜ்யம்தான். மணிவேல் அதை மனசுக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.

"இப்ப குடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார் ராசாங்கம்.

மணிவேல் குனிந்து மகளைப் பார்த்தான். அவன் மடியில் பிரவீணா வலது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தக் கை இருக்கறதே எனக்கு இன்னும் தெரியல" என்றாள்.