ஐந்து மொழியில் ஒரே அறிவிப்பு

தீவுக்குத் தீவு ஓடும் பயணிகள் கப்பலில் அறிவிப்பாளர் வேலைக்கு நல்ல குரல் போதும் என்பார்கள். உண்மையில் சம்பளம் வாங்குவது ஞாபகசக்திதான். மனப்பாடத்தோடு மல்லுக்கட்டிய சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

காது இருக்கிறதே

தமிழும் இந்தியும் எனக்குத் தெரியும். வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, ஷாதிபூர் வீட்டில் சாம்பார் கொதிக்கக் கொதிக்க உருப்போட்டேன். கப்பல் கேண்டீனில் சமைக்கும் வங்காளி அண்ணனிடம் வாசித்துக் காட்டியபோது கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். வாசித்தால் வாசிக்கிற மாதிரியேதான் இருக்கும் என்று சொல்லி, தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"காகஜ் சோடோ, பெஹன். கான் ஸே சீகோ!"

தாளை விட்டேன். காதால்தான் கற்றேன்.

எட்டு வரி வங்காளம்

என் முதல் வங்காள அறிவிப்பு முடிந்ததும் ஒரு வங்காளி அம்மாள் தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். மகள் பிரசவம் என்பது மட்டும் பிடிபட்டது. எனக்குத் தெரிந்ததோ எட்டே வரி. அதில் ஒன்றை உருக்கமாகச் சொன்னேன்: "குழந்தைகளின் கையை விடாதீர்கள்." அம்மாள் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, இந்தியில் சொன்னார்:

"பாஷை தெரியாட்டி என்னம்மா, என் மருமகளைவிட உன் உச்சரிப்பு சுத்தம்!"

மைக் செத்த மத்தியானம்

கேம்பல் பே துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஜெனரேட்டர் நின்றது. கீழ்த்தளம் கும்மிருட்டு; படிக்கட்டில் மட்டும் மேலிருந்து கொஞ்சம் வெளிச்சம். மைக்கும் போச்சு. கப்பல் ஆட ஆட, ஜனங்கள் ஒரே படிக்கட்டை நோக்கி முண்டினார்கள். ஒரு குழந்தை படிக்கட்டருகே கூட்டத்தின் காலடியில் விழுந்து அலறியது.

பெஞ்சின்மேல் ஏறி, பயப்படாதீர்கள், இருந்த இடத்திலேயே உட்காருங்கள் என்று கத்தினேன். இந்தி, தமிழ், வங்காளம், தெலுங்கு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மூலை அடங்கியது. படிக்கட்டில் முன்னால் நின்ற நிக்கோபாரிக் குடும்பங்கள் மட்டும் அடங்கவில்லை. போன வாரம்தான் ஒரு நிக்கோபாரி நர்ஸிடம் காதால் கேட்டுத் திருத்திக்கொண்ட வரிகள், வருமா? வந்தன, ஒரு சொல் பிசகாமல். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

விளக்கு வந்தபோது யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பெரியவர் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து இந்தியில் சொன்னார்:

"கப்பல்ல எங்க பாஷையில 'பயப்படாதே'ன்னு ஒருத்தர் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன், மகளே."

ஐந்து மொழியில் ஒரு கப்பலையே உட்கார வைத்த எனக்கு, வீட்டுக்காரரின் செல்போன் எண் மட்டும் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.