சேறு அடைத்த மட்டி

மாசியில் நீர் வடியத் தொடங்கியதும் எருத்தேன்பதிப் பக்கத்து நீர்த்தேக்கக் கரையில் மட்டி என்னும் சிப்பியை எடுத்து விற்பதுதான் நாச்சம்மாளின் பிழைப்பு. முழங்கால் நீரில் நின்று, பாதத்தால் சேற்றைத் துழாவி, தட்டுப்பட்டதைக் குனிந்து எடுப்பாள். எடுத்ததைச் சாக்கில் கட்டி விடியும்வரை நீரிலேயே கிடத்துவாள். மண்ணைக் கக்கினால்தான் கறி ருசிக்கும். எல்லாருடைய சாக்கும் அங்கேதான் கிடக்கும். பிறர் சாக்கைத் தொடும் வழக்கம் அந்தக் கரையில் கிடையாது.

நாச்சம்மாள் தொட்டாள்.

சென்ற ஆண்டு வரை டிஜோவின் கள்ளுக்கடைக்கு மட்டி கொடுத்து வந்தவள் அவளே. அவள் கணவரின் தங்கை கமலாத்தாள், "நங்கையா செத்ததையுங் கலந்து போடுதுங்க" என்று அண்ணியைப் பற்றி டிஜோவின் காதில் ஓதினாள். கடைக்கு மட்டி கொடுக்கும் வேலை கமலாத்தாள் கைக்குப் போயிற்று. அன்று முதல் நாச்சம்மாள் சாலையோரத்தில் கூறு கட்டி விற்கிறாள். வருகிறவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டே வாங்குகிறார்கள்.

செத்த மட்டிக்குள் சேறு அடைத்து ஓடு மூடிக்கொள்வதுண்டு; பார்வைக்கு உயிருள்ளது போலவே இருக்கும். ஒன்றோடொன்று தட்டினால் மொத்தென்ற ஓசை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எடுக்கும்போதே தட்டிப் பார்த்துவிடுவதால், ஊறிய சாக்கை யாரும் மறுபடி தட்டுவதில்லை. ஊர் நோம்பித் திருவிழாவுக்கு முந்தைய மாலை, அத்தகைய மட்டிகளைப் பொறுக்கிக் கமலாத்தாளின் சாக்கில் திணித்தாள்.

மறுநாள் நண்பகலில் கள்ளுக்கடையின் பின்கட்டுக்கு வேடிக்கை பார்க்கவே போனாள்.

"சட்டி முழுக்கச் சேறு! வந்தவனெல்லாம் துப்பிட்டுப் போறான்," என்று டிஜோ கமலாத்தாளிடம் கத்திக்கொண்டிருந்தான். "இனி இங்கே வரண்டா, உன் மட்டியே வேண்டாம்!" நாச்சம்மாளைக் கண்டதும் குரல் தணிந்தது. "சேச்சி, நாளை முதல் நீங்களே கொண்டு வாங்க."

ஓர் ஆண்டாக அவள் காத்திருந்த சொல் அது. வாய் திறக்காமல் தலையசைத்தாலே போதும்.

"எம்மேலதானுங்க தப்பு," என்றாள் கமலாத்தாள். "கையி மரத்துப் போச்சு. தட்டுனா செத்தது எதுன்னு செரியாத் தெரியறதில்லீங்க."

நாச்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் தன்னையே நொந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டால், பழி வாங்கியதற்கு என்ன பொருள்?

"உங்கையி நல்லாத்தான் இருக்குது புள்ள. போட்டது நானு."

"நங்கையா... சாக்கத் தொட்டீங்களா?"

"தொட்டேன். ஊரே என்ர மட்டிய மோந்து பாக்கறாப்பல பண்ணுனயல்ல?"

டிஜோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப சேச்சியும் வரண்டா."

"வர்லீங்க," என்றாள் நாச்சம்மாள். கமலாத்தாளின் முகம் வெளிறி, பின் கறுத்து, உதடு துடிப்பதைப் பார்த்துத் தீரும்வரை அவள் அங்கிருந்து அசையவில்லை.