கம்பிக்கு அடியில் விழுந்த நிழல்

பதினோரு வருஷம் ஜீப்பில் மலைமேல் மெட்டுக்கு ஏறிப்போய் ஏலக்காய் பறித்தவள் ஈஸ்வரி. முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் போன பிறகு, போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு படுக்கைக்கு அவள் ஒருத்திதான்.

ஆடி மாதம் மூன்றாம் அறையில் படுத்த இரண்டு பேருக்கு அடுத்தடுத்து ஒரே கிருமி தொற்றியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஒருவர் இறந்துபோனார். "தொடைக்கிறவ ஒழுங்காத் தொடச்சாளா?" என்று வராந்தாவில் பேசிக்கொண்டது ஈஸ்வரியின் காதிலும் விழுந்தது.

அறையைப் பூட்டி, மதுரையிலிருந்து ரோபோ வரவழைத்தார்கள். ஆள் உயரம், உடம்பெல்லாம் குழல் விளக்கு. கதவைச் சாத்திவிட்டு முடுக்கினால் தானாகச் சுற்றி வந்து, கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும். அப்படியும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதித்ததில் கிருமி இருந்தது. மறுபடியும் ஓட்டினார்கள்.

அது ஓடி முடிந்த வேளையில், குரங்கணி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து விலா எலும்பு முறிந்த தவசி என்பவரைக் கொண்டுவந்தார்கள். வேறு படுக்கை காலியில்லை.

"மூணாம் ரூமத் தெறங்கக்கா, வெரசா!" என்றாள் தலைமை நர்ஸ் சுகன்யா.

ஈஸ்வரி கதவை மறித்து நின்றாள். சொன்னால் வேலை போய்விடும். ஸ்ட்ரெச்சரில் தவசி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், கட்டில் பக்கக் கம்பிக்கு அடியில லைட்டுப் படாது, நெழலு. சோலி கூடுன நாள்ல அங்கன தொடைக்காம விட்டிருக்கேன்."

சுகன்யாவின் முகம் இறுகியது. "எத்தன நாளு?"

"எண்ணல சிஸ்டர்."

"இப்ப எவ்வளவு நேரம் வேணும்?"

"தொடைக்கக் கா மணி. மிஷினு இருவது நிமிசம்."

தவசியைப் பக்கத்திலிருந்த அவசரப் பிரிவுக்கே திருப்பிக் கொண்டுபோய், ஆக்சிஜன் வைத்தார்கள். ஈஸ்வரி மண்டியிட்டாள். முட்டி சுளீரென்றது. மருந்தில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தபோது, காய்ந்த பழுப்புப் பிசுக்கு உரிந்து வந்தது. இறந்தவருடைய கை இந்தக் கம்பியைத்தானே பிடித்திருக்கும் என்று நினைத்தாள். ஆனாலும் கையை நிறுத்தவில்லை. பிறகு கம்பிகளை வெளிச்சம் படும்படி இறக்கிவிட்டு, கட்டிலின் இரண்டு பக்கமும் ரோபோவை ஓட்டச் சொன்னாள். அந்த இருபது நிமிஷமும் கதவுக்கு வெளியே, தவசியின் இருமல் சத்தத்துக்கே காது கொடுத்து நின்றாள். முடிந்ததும் சோதனைக்குத் தடவி எடுத்துக்கொண்டு, அவரை உள்ளே படுக்க வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்த சோதனை முடிவில் அந்த அறையில் கிருமி இல்லை. மூன்றாவது வாரம் தவசி நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஈஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அதே வாரம் சுகன்யா நிர்வாகத்திடம் சண்டை போட்டு, அந்தப் பிரிவில் துடைக்க இன்னொரு ஆளையும் போட வைத்தாள்.